மாட்டுங்கா பழைய கட்டடம், பக்டி வீடு: சமையலறைக் கூரை பெயர்ந்து விழுந்தது, வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்கிறார்

கிங்ஸ் சர்க்கிள் வாசி (கேள்வி)

வணக்கம். மும்பை மாட்டுங்காவில் தரைத்தளமும் மூன்று மாடிகளும் கொண்ட கட்டடத்தில், மேல்மாடியில் நானும் அம்மாவும் இருக்கிறோம். முகப்பில் 1938 என்று பொறித்திருக்கிறது. தாத்தா பக்டி (குறைந்த வாடகையில் நிலையாகக் குடியிருக்க முன்கூட்டியே கொடுக்கும் பெருந்தொகை) கொடுத்து எடுத்த வீடு. மாத வாடகை இன்றும் 340 ரூபாய்தான். ரசீது அப்பா பெயரில் வந்துகொண்டிருந்தது. அவர் காலமான பிறகு வீட்டுக்காரர் வாடகையை வாங்கிக்கொள்கிறார், ரசீது மட்டும் தருவதில்லை.

போன வாரம் சமையலறைக் கூரையிலிருந்து ஒரு பெரிய கான்கிரீட் பாளம் பெயர்ந்து அடுப்பு மேடை மேல் விழுந்தது. அம்மா அப்போது முன்னறையில் இருந்தார். விழுந்த இடத்தில் கம்பிகள் தெரிகின்றன. துரு செதில் செதிலாக உரிகிறது. மழைக்காலத்தில் கூரை முழுவதும் ஈரம் பூக்கும். ஆனால் சமையலறையும் குளியலறையும் சேரும் மூலை இந்த ஏப்ரல் வெயிலிலும் காயவில்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னால், தன் பொறியாளர் கட்டடத்தை ‘சி1’ (காலி செய்து இடிக்க வேண்டிய நிலை) என்று எழுதிக் கொடுத்துவிட்டார், எல்லோரும் காலி செய்யுங்கள், புதுக் கட்டடத்தில் வீடு தருகிறோம் என்கிறார். எல்லாம் வாய்ப்பேச்சு. பெயின்ட் ஒப்பந்தக்காரர் ஒருவரோ, உள்பக்கம் நீர்க்காப்புப் பூச்சு அடித்து, கீழே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் பொய்க்கூரை போட்டுவிடலாம், இரண்டே நாள் வேலை என்கிறார்.

பூச்சு அடிக்கலாமா? செலவு யாருடையது? கொஞ்ச நாள் வேறு இடத்துக்குப் போனால் உரிமை போய்விடுமா? அம்மா இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவர். இங்கிருந்து நகர மாட்டேன் என்கிறார். அவரைக் கட்டாயப்படுத்தும் நிலை வந்தால்கூட, எதற்காக என்று எனக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். ஜூனுக்குள் ஏதாவது செய்தாக வேண்டும்.

சயான் பொறியாளர்

சகோதரி, பழைய கட்டடங்களைச் செப்பனிடுவதுதான் என் தொழில். முதலில் அந்தச் சமையலறையில் சமைப்பதை இன்றே நிறுத்துங்கள். ஒரு பாளம் விழுந்தால் சுற்றியுள்ள பகுதியும் பெரும்பாலும் கழன்றே இருக்கும். நீளமான கழியால் கூரையை மெல்லத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ‘டக்’ என்று இறுகிய ஒலி வந்தால் பயமில்லை. பொத்தென்று வெற்றொலி வரும் இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு, அதன் கீழே யாரும் நிற்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். தட்டுபவர் தலைக்கவசம் அணிந்து, ஓரமாக நிற்க வேண்டும்.

பொய்க்கூரை வேண்டவே வேண்டாம். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். அது கோளாறைக் கண்ணிலிருந்து மறைக்கும். அடுத்த பாளம் விழும்போது பொய்க்கூரையும் சேர்ந்து விழும். உள்பூச்சும் அப்படித்தான். தண்ணீர் மேலிருந்து வருகிறது. கீழ்ப்பக்கத்தை அடைத்தால் அது கான்கிரீட்டுக்குள்ளேயே தங்கி, கம்பியை இன்னும் வேகமாகத் தின்னும்.

நடந்தது என்னவென்று சொல்கிறேன். 1930களில் பம்பாயில் கட்டிய வீடுகளில் கூரைத்தளம் மெல்லியது. கம்பிக்குக் கீழே இருக்கும் கான்கிரீட் மறைப்பும் குறைவு. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் உள்ளே இறங்கிக் கான்கிரீட்டின் காரத்தன்மையைக் குறைத்துவிடும். அந்தக் காரம்தான் கம்பிக்குக் காவல். அது போனபின் ஈரமும் கடல் காற்றின் உப்பும் சேர்ந்தால் துரு பிடிக்கும். துரு, இரும்பைப் போல் சில மடங்கு இடத்தை அடைக்கும். உள்ளிருந்து உந்தி, மறைப்பைப் பிளந்து தள்ளும். உங்கள் அடுப்பு மேடையில் விழுந்தது அப்படித் தள்ளப்பட்ட மறைப்பு. கம்பி எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் கூரை தாங்குமா தாங்காதா என்று சொல்ல முடியும். துருவைச் சுரண்டி, கம்பியின் விட்டத்தை அளக்க வேண்டும். படம் பார்த்து யாராலும் சொல்ல இயலாது.

அந்தக் காயாத மூலையைப் பற்றித் தனியாகக் கவலைப்படுகிறேன். மழையில் மட்டும் ஈரம் என்றால் மொட்டை மாடியின் நீர்க்காப்பு போய்விட்டது என்று பொருள். ஏப்ரலிலும் ஈரம் என்றால் எங்கோ குழாயோ தொட்டியோ கசிகிறது. உங்கள் தலைக்கு மேல் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா? மொட்டை மாடியில் ‘பிரிக்பாட் கோபா’ (உடைந்த செங்கல் பரப்பிய நீர்க்காப்பு அடுக்கு) மேல் சைனா மொசைக் (உடைந்த ஓட்டுத் துண்டுகள்) பதித்திருக்கிறதா? ஒரு அடுக்கா, பழையதன் மேலேயே புதியதாக இரண்டு மூன்று அடுக்கா? ஒவ்வொரு அடுக்கும் கூரைக்குக் கூடுதல் சுமை.

யாராவது மாடியில் தண்ணீர் தேக்கிச் சோதிக்கலாம் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 10 செ.மீ. உயரத் தண்ணீர் ஒரு சதுர மீட்டருக்கு 100 கிலோ. பலவீனமான கூரைக்கு அது ஆபத்து. குழாயால் பகுதி பகுதியாக நனைத்துப் பார்ப்பதே போதும்.

டோம்பிவ்லி வாசி

எனக்குச் சட்டமும் தெரியாது, கான்கிரீட்டும் தெரியாது. உயிரைவிட வீடு பெரிதல்ல, உடனே வெளியேறுங்கள். ஆனால் வெறுங்கையோடு வெளியேறாதீர்கள். எங்கள் குடும்பம் பரேலில் இதேபோன்ற வீட்டில் இருந்தது. பில்டர் வாயால் உறுதி சொன்னார், சாவியைக் கொடுத்தோம். கட்டடத்தை இடித்தார்கள். சில காலம் மாற்று வாடகை வந்தது, பிறகு நின்றது. அந்த இடத்தில் இன்றும் தகர வேலிதான் இருக்கிறது. என் பெற்றோர் அந்தப் புதுவீட்டைப் பார்க்காமலேயே போய்ச் சேர்ந்தார்கள். உங்கள் அம்மா நகர மறுப்பதை முரண்டு என்று நினைக்காதீர்கள்.

வழக்குரைஞர்

வீட்டுக்காரர் சொல்வதைப் பிரித்துப் பாருங்கள். அவருடைய பொறியாளர் எழுதிய அறிக்கை, காலி செய்யும் ஆணை ஆகாது. சி1 என்றால் குடியிருக்கத் தகுதியற்றது, காலி செய்து இடிக்க வேண்டியது. சி2ஏ என்றால் ஒரு பகுதியைக் காலி செய்து பெரிய அளவில் செப்பனிட வேண்டியது. சி2பி என்றால் காலி செய்யாமலே செப்பனிடலாம். சி3க்குச் சிறு பழுதுபார்ப்பே போதும். இந்த நான்கில் எது என்பதை ஒரு தரப்பின் காகிதம் தீர்மானித்துவிட முடியாது. குடியிருப்போரும் தங்கள் செலவில் உரிமம் பெற்ற கட்டமைப்புப் பொறியாளரை வைத்துத் தணிக்கை செய்யலாம். இரண்டு அறிக்கைகளும் முரண்பட்டால் மாநகராட்சியின் தொழில்நுட்ப ஆலோசனைக் குழு பார்ப்பதற்கு வழி இருக்கிறது. அவர் வைத்திருக்கும் அறிக்கையின் நகலை எழுத்தில் கேளுங்கள். மாநகராட்சியிடமிருந்தோ மாடாவிடமிருந்தோ (மகாராஷ்டிர அரசின் வீட்டுவசதி ஆணையம்) நோட்டீஸ் வந்திருக்கிறதா என்றும் கேளுங்கள்.

அதே சமயம், சி1 என்பது வீட்டுக்காரரின் சூழ்ச்சி என்று முன்கூட்டியே முடிவு கட்டாதீர்கள். சில கட்டடங்கள் உண்மையிலேயே சி1தான்.

ரசீது: மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999, பக்டி வாங்குவதைச் சட்டபூர்வமாக ஏற்றிருக்கிறது. வாடகைதாரர் இறக்கும்போது அவருடன் வசித்த குடும்ப உறுப்பினர் வாடகைதாரராகத் தொடரலாம். உங்கள் அம்மாவுக்கு அந்த உரிமை உண்டு. ரேஷன் அட்டை, வாக்காளர் பட்டியல், பெஸ்ட் மின்கட்டண ரசீதுகள், அப்பாவின் பழைய வாடகை ரசீதுகள் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி, நகல் எடுத்து, இந்த வீட்டுக்கு வெளியே ஓர் இடத்தில் வையுங்கள். இனி வாடகையை ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம். காசோலையோ மணியார்டரோ அனுப்புங்கள். திருப்பி அனுப்பினால் அந்தத் தாளும் சாட்சிதான்.

வேறு இடத்துக்குப் போவது: தக்க காரணமின்றித் தொடர்ந்து ஆறு மாதம் வீட்டைப் பயன்படுத்தாமல் விட்டால், அது வெளியேற்றும் வழக்குக்கு ஒரு காரணமாகும். கூரை விழும் நிலை தக்க காரணம்தான் என்று வாதாடலாம். ஆனாலும் போகும் முன் கடிதம் எழுதுங்கள்: இன்ன ஆபத்துக்காகத் தற்காலிகமாகப் போகிறோம், உரிமையை விடவில்லை, பொருள்கள் உள்ளே இருக்கின்றன. ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். சாவி உங்களிடமே இருக்கட்டும்.

செலவு: பழுதுபார்ப்பது வீட்டுக்காரரின் கடமை. எழுத்தில் குறைந்தது 15 நாள் அவகாசம் கொடுத்தும் செய்யாவிட்டால் நீங்களே செய்து வாடகையில் கழிக்கலாம். ஆனால் ஓர் ஆண்டில் கழிப்பது அந்த ஆண்டு வாடகையில் நாலில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. உங்களுக்கு ஆண்டு வாடகை 4,080 ரூபாய். கழிக்கக்கூடியது 1,020 ரூபாய். ஒரு நாள் கொத்தனார் கூலிக்கே தட்டுப்பாடு. பக்டிக் கட்டடங்கள் ஏன் இப்படிப் பாழாகின்றன என்பதற்கு இந்தக் கணக்கே விடை. 340 ரூபாய் வாங்குபவர் கூரைக்குச் செலவழிக்க மாட்டார். அவரை மட்டும் குற்றம் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. ஆனால் 15 நாள் கடிதத்தைக் கட்டாயம் அனுப்புங்கள். பின்னால் எந்த மன்றத்துக்குப் போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

வடாலா குடித்தனக்காரர்

சொத்துவரி ரசீதில் ‘ரிப்பேர் செஸ்’ என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். தீவுநகரத்தின் (மும்பையின் பழைய தென்பகுதி) பழைய வாடகைக் கட்டடங்களில் அந்தத் தீர்வையை வாங்குகிறார்கள். 1940 செப்டம்பர் 1க்கு முன் கட்டியவை ‘ஏ’ பிரிவு. உங்கள் 1938 அதில் வரும். அந்தத் தீர்வை இருந்தால், கட்டமைப்பைச் செப்பனிடும்படி மாடாவின் பழுதுபார்ப்பு வாரியத்திடம் மனு கொடுக்கலாம். தனியாகக் கொடுக்காதீர்கள். கட்டடத்தில் எத்தனை குடித்தனமோ அத்தனை கையெழுத்தும் வேண்டும். நாங்கள் அப்படித்தான் கொடுத்தோம். வாரியத்தின் உச்சவரம்புக்கு மேல் போன செலவைக் குடித்தனங்கள் பங்கிட்டோம். கீழ்மாடிக்காரர் “எனக்கென்ன, கசிவது மேலேதானே” என்றார். தூண் எல்லோருக்கும் பொது என்று அவருக்குப் புரிய வைக்கத்தான் அதிக நேரம் ஆனது.

இன்னொன்று. மறுகட்டுமானப் பேச்சு வந்தால், இப்போதுள்ள கம்பளப் பரப்பை (சுவர்களுக்கு உட்பட்ட தரைப்பரப்பு) அளந்து, இரு தரப்பும் கையெழுத்திட்ட வரைபடமாக வைத்துக்கொள்ளுங்கள். இடித்த பிறகு அளக்கச் சுவர் இருக்காது. செஸ் கட்டடங்களை மீண்டும் கட்டும் விதியில் குடித்தனத்துக்குக் குறைந்தது 300 சதுர அடி உண்டு. வீடு எங்கே, எவ்வளவு, எப்போது, அதுவரை மாற்று வாடகை எவ்வளவு என்பவை பதிவு செய்த ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

கிங்ஸ் சர்க்கிள் வாசி

எல்லோருக்கும் நன்றி. வழக்குரைஞர் சொன்னபடி 15 நாள் கடிதம் போய்விட்டது. ரசீதில் செஸ் இருக்கிறது. டோம்பிவ்லி ஐயா எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, ஒப்பந்தம் பதிவானால் போகலாம் என்றார். முதல் முறையாக ‘போகலாம்’ என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்தது.

பொறியாளர் அண்ணாவுக்கு: மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்தோம். சமையலறை மூலைக்கு நேர் மேலே செங்கல் மேடை, அதன் மேல் இரண்டு பெரிய பிளாஸ்டிக் தொட்டிகள். வெளியேறும் குழாயின் இணைப்பு சொட்டிக்கொண்டே இருக்கிறது, அடியில் பாசி. மாடியில் சைனா மொசைக் இரண்டு அடுக்காகத் தெரிகிறது. தட்டிப் பார்த்ததில் சமையலறைக் கூரையின் பாதிக்கு மேல் வெற்றொலி. முன்னறை உறுதியாக இருக்கிறது. குடித்தனங்கள் சேர்ந்து தணிக்கைக்கு ஒருவரைப் பேசியிருக்கிறோம். அவர் வரும்வரை இரும்பு முட்டு கொடுக்கலாமா? எத்தனை போதும்?

சயான் பொறியாளர்

பிளம்பரை அழைத்து அந்த இணைப்பை நாளைக்கே மாற்றுங்கள். இந்த முழு உரையாடலிலும் மிக மலிவான, மிக அவசரமான வேலை அதுதான். தொட்டிகளைப் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம் என்று காவலாளிக்குச் சொல்லுங்கள். 1,000 லிட்டர் தண்ணீர் ஒரு டன். பிறகு தணிக்கையாளர் காட்டும் இடத்துக்கு, கீழே தூணோ சுமைதாங்கும் சுவரோ இருக்கும் இடத்துக்கு, தொட்டிகளை மாற்றிவிடலாம்.

முட்டு கொடுக்கலாம், ஆனால் உங்கள் வீட்டில் மட்டும் கொடுக்கக் கூடாது. உங்கள் சமையலறையில் முட்டு நட்டால் கூரையின் சுமை உங்கள் தரைக்கு இறங்கும். அந்தத் தரைதான் இரண்டாம் மாடியின் கூரை. அதுவும் இதே வயது, இதே ஈரம். ஆகவே இரண்டாம் மாடி, முதல் மாடி, தரைத்தளம் என்று ஒரே நேர்கோட்டில் மண் வரைக்கும் முட்டு இறங்க வேண்டும். மேலும் கீழும் பலகை வைத்துச் சுமையைப் பரப்ப வேண்டும். எத்தனை என்பதைத் தணிக்கையாளர் வந்து பார்த்துச் சொல்லட்டும். நான் இங்கிருந்து எண் சொல்வது பொறுப்பாகாது.

செப்பனிடும்போது ஒப்பந்தக்காரரிடம் கவனியுங்கள். கம்பியின் பின்புறம் வரை கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, துருவைத் தேய்த்து, மெலிந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி கட்டி, துருத்தடுப்புப் பூசி, பாலிமர் மார்ட்டரோ மைக்ரோ கான்கிரீட்டோ இட வேண்டும். துருவின் மேலேயே சிமென்ட் பூசுபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். மொட்டை மாடியில் புதுநீர்க்காப்பு போடும் முன் பழைய இரண்டு அடுக்குகளையும் எடுத்தாக வேண்டும்.

ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் 1938இன் வண்ண மொசைக் தரையும் தேக்குக் கதவுகளும் இன்னும் இருந்தால், வேலை தொடங்கும் முன் தரை மேல் தடித்த பலகை விரிக்கச் சொல்லுங்கள். அந்தத் தரையைப் போல் இன்று போட்டுக் கொடுக்க ஆள் கிடைப்பது அரிது.

கிங்ஸ் சர்க்கிள் வாசி

இணைப்பை மாற்றியாயிற்று. தரை இருக்கிறது, பலகை விரிப்போம். இரண்டாம் மாடியும் தரைத்தளமும் முட்டுக்குச் சம்மதித்துவிட்டார்கள். முதல் மாடி வீடு பூட்டியிருக்கிறது. அவர்கள் புனேயில் இருக்கிறார்கள், வர இரண்டு வாரமாகுமாம். அதுவரை?

சயான் பொறியாளர்

அதுவரை முட்டு வேண்டாம். சமையலறைக் கதவைச் சாத்தி வையுங்கள். அடியில் ஆளில்லாமல், கழன்று தொங்கும் பாளங்களை மட்டும் தணிக்கையாளரை உடன் வைத்துக்கொண்டு கீழே இறக்கிவிடுங்கள். சமையலை முன்னறையில் மின் அடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். குழாய் எரிவாயு இணைப்பை நீங்களாக நகர்த்த வேண்டாம். தட்டிய இடங்களைத் தேதியோடு படமெடுத்து வையுங்கள். வட்டங்கள் பெரிதானால் புனேக்காரருக்காகக் காத்திருக்காமல் அம்மாவை உறவினர் வீட்டுக்கு அழைத்துப் போங்கள். தற்காலிகமாகப் போவது பற்றி வழக்குரைஞர் சொன்ன கடிதத்தை அன்றே ஸ்பீடு போஸ்டில் சேருங்கள்.