அப்பா வந்து இறங்கிய பிறகு: ராமநாதபுரம் கரையோர ராணுவக் குடும்பங்களின் அனுபவங்கள்

மண்டபத்திலிருந்து, தரைப்படை வீரரின் மனைவி

கணவரை ஐ.நா. அமைதி காக்கும் மிஷனுக்கு அனுப்பப் போகும் தங்கை ஒருவர், "ஒரு வருஷத்தை எப்படிக்கா ஓட்டுனீங்க?" என்று கேட்டிருந்தார். ஓட்டிய கதையைச் சொல்கிறேன். ஆனால் அவர் திரும்பி வந்த பிறகு இருந்த மாதங்களைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. போகும்போது எப்படி இருக்கணும் என்று ஆயிரம் பேர் சொன்னார்கள். வந்த பிறகு எப்படி என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

2024 நடுவில் அவர்கள் பட்டாலியன் தென் சூடானுக்குக் கிளம்பியது. இவருக்கு மலக்கால் என்ற ஊர், வெள்ளை நைல் ஆற்றங்கரை. அதுவரை நாங்கள் செகந்திராபாத்தில் குவார்ட்டர்ஸில் இருந்தோம். ஃபீல்டு போஸ்டிங், அதாவது குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாத பணியிடம், போனவர்களின் குடும்பங்களுக்குத் தனி குவார்ட்டர்ஸ் கேட்கலாம்தான். மாமாவுக்கும் அத்தைக்கும் வயதாகிவிட்டதால் ஊருக்கே வந்துவிட்டோம். பெரியவன் நாலாம் வகுப்பு போகிற வயசு. சின்னவள் அப்போதுதான் தத்தித் தத்தி நடக்கிறாள்.

"உனக்கென்னப்பா, டாலர்ல சம்பளம்" என்று கடைத்தெருவில் சொல்வார்கள். கூடுதல் படி கிடைக்கும், உண்மைதான். வீட்டுக் கடனில் பாதி அடைந்தது, அதுவும் உண்மை. அதற்காக அந்தப் பேச்சு வலிக்காமல் இல்லை.

கிளம்புவதற்கு முன்னால் செய்ததில் உருப்படியானது பேப்பர் வேலை. நாமினேஷன் சரியாக இருக்கிறதா, பேங்க் கணக்கு இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறதா, பிள்ளைகளின் பெயர் ராணுவப் பதிவான பார்ட் டூ ஆர்டரில் ஏறியிருக்கிறதா, எல்லாம் பார்த்தோம். பட்டாலியனில் யாரிடம் பேசணும் என்று ஒரு நோட்டில் எழுதி வாங்கிக்கொண்டேன். மருத்துவ விஷயமும் முன்கூட்டியே தெரிந்திருக்கணும். மாமா முன்னாள் ராணுவத்தார், அவரிடம் முன்னாள் ராணுவத்தாருக்கான மருத்துவத் திட்டத்தின் இசிஹெச்எஸ் கார்டு இருக்கிறது. பணியில் இருப்பவரின் பிள்ளைகளுக்கு அந்தக் கார்டு உதவாது. ராத்திரி காய்ச்சல் என்றால் எங்கே போவது என்பதை வீட்டுக்காரர் கிளம்புவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

பையனுக்கு வந்த சிக்கல் வேறு. கேந்திரிய வித்யாலயாவில் படித்தவன், ஹிந்தி சரளமாக வரும், தமிழ் எழுத்து தெரியாது. இங்கே பள்ளிக்கூடத்தில் பசங்க அவனை "ஹிந்திக்காரன்" என்றார்கள். அத்தைதான் தினமும் சாயங்காலம் திண்ணையில் உட்காரவைத்து சிலேட்டில் எழுதச் சொன்னார். அவன் முதலில் முழுசாகத் தமிழில் எழுதியது அப்பாவுக்கு ஒரு கடிதம். "அப்பத்தா மீன் குழம்பு வைத்தது. நான் முள் எடுத்துத் தின்றேன்." அதைப் போட்டோ எடுத்து அனுப்பினோம். அந்தப் படத்தை அவர் கட்டில் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்ததாக அப்புறம் சொன்னார்.

தென் சூடான் நேரம் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். இங்கே ராத்திரி ஒன்பது என்றால் அங்கே சாயங்காலம் அஞ்சரை. அவருக்கு டூட்டி இல்லாத நாள்களில் அதுதான் போன் நேரம். நெட்வொர்க் கிடைக்காத ராத்திரிகள் நிறைய. பக்கத்து வீட்டு மதினிதான் அப்போது எனக்கு ஒன்று சொன்னார். அவர் வீட்டுக்காரர் மீன்பிடிக்கப் போன இடத்தில் இலங்கை கடற்படையிடம் பிடிபட்டு அங்கே சிறையில் இருந்தார். "போனை எடுத்து எடுத்துப் பார்க்காத தாயி. நீ பார்க்கப் பார்க்க பிள்ளைகளும் பார்க்க ஆரம்பிச்சிரும்." அன்றைக்கே போனை சமையலறை அலமாரி மேலே வைத்துவிட்டேன். மணி அடித்தால் எடுப்பது, அவ்வளவுதான். பையன் தூங்குகிற நேரம் பழையபடி ஆனது.

நவம்பர் 20, 2024 மழை நம்ம பக்கத்து ஆட்களுக்கு மறக்காது. ராமேஸ்வரத்தில் மட்டும் 40 செ.மீ.க்கு மேல் கொட்டிய நாள். எங்கள் வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர், கரண்ட் இல்லை. மாமாவை மேலே கட்டிலில் ஏற்றி, அரிசி மூட்டையைத் தூக்கி, சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். மதினியும் அவர் மகன்களும் வந்து பின்பக்கம் வாய்க்கால் வெட்டிவிட்டார்கள். அவர் வீட்டுக்காரரும் ஊரில் இல்லாத நேரம் அது. இந்தக் கரையில் போனவரை எதிர்பார்த்து இருக்கும் பெண்கள் பட்டாளத்து வீட்டில் மட்டும் இல்லை. அந்த வருஷம் எனக்குப் பெரிய தைரியம் தந்தது அதுதான்.

அதிகம் பயந்தது 2025 மார்ச்சில். அவர் இருந்த அதே மேல் நைல் மாகாணத்தில் நாசிர் என்ற ஊர். அங்கே ஐ.நா. ஹெலிகாப்டரைச் சுட்டுவிட்டார்கள், உள்ளே இருந்த ஊழியர் ஒருவர் இறந்துபோனார். எங்கள் மனைவிமார் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்ததும் எனக்கு 2013 ஞாபகம் வந்தது. அந்த ஏப்ரலில் ஜோங்லே மாகாணத்தில் மறைந்திருந்து தாக்கியதில் நம் வீரர்கள் 5 பேர் உயிரிழந்தார்கள். பையன் என் முகத்தைப் பார்த்தே கேட்டான், "அப்பா அதுல இருந்தாங்களாம்மா?" மூடி மறைக்கவில்லை. அப்பா அதில் இல்லை, ஆனால் அங்கே நிலைமை சரியில்லை, அப்பா கேம்ப்புக்குள் இருக்கிறார், போன் வர ரெண்டு நாள் ஆகலாம் என்று தெரிந்ததைச் சொன்னேன். தலையாட்டிவிட்டு விளையாடப் போய்விட்டான். நடுவில் கிடைப்பதாக இருந்த லீவும் அந்தக் கலவரத்தோடு போனது.

ஏப்ரல் 6 அன்று புதுப் பாம்பன் பாலம் திறந்தார்கள். அதற்கு முன்பே சோதனை ஓட்டத்தில் நடுப்பகுதி மேலே தூக்குவதை ரோட்டுப் பாலத்தில் நின்று வீடியோ எடுத்து அனுப்புவது பையனுக்கு வேலை. 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பாலம் என்று அப்பாவுக்குப் பாடம் நடத்துவான். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நின்றதிலிருந்து ராமேஸ்வரத்துக்கு ரயில் இல்லாமலே இருந்தது. வருஷம் முடிந்து அவர் திரும்பியபோது ராமேஸ்வரம் ரயிலிலேயே வந்து மண்டபத்தில் இறங்கினார்.

சரி, இனிதான் சொல்ல வந்தது.

சின்னவள் அவரிடம் போகவில்லை. ராத்திரி ஆனதும் அலமாரியைக் காட்டி "அப்பா, அப்பா" என்று அழுதாள். அவளுக்கு அப்பா இருக்கும் இடம் அது. பக்கத்தில் நிற்கிற மீசைக்காரர் யாரோ. அவர் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை. மறுநாள் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். அடுத்த அறைக்குப் போய் வீடியோ கால் போட்டார். அவள் போனைப் பார்த்துச் சிரித்தாள், பொம்மையைக் காட்டினாள். அப்புறம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினார். அப்புறம் வாசல்படியில் உட்கார்ந்து. குரல் போனிலிருந்தும் வருகிறது, எதிரிலிருந்தும் வருகிறது என்று அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ஒரு வாரத்துக்குள் போன் தேவைப்படவில்லை. தூக்கும் உரிமை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் கழித்துத்தான் கிடைத்தது.

பையன் வேறு மாதிரி. ஓடிவந்து கட்டிக்கொண்டவன்தான். நாலாம் நாள் ஹோம்ஒர்க் செய்யவில்லை என்று அவர் சத்தம் போட்டதும் என்னிடம் வந்து, "அம்மா, அப்பா என்னைத் திட்டலாமா?" என்று கேட்டான். அடம் பிடித்துக் கேட்கவில்லை, தெரியாமல் கேட்டான். ஒரு வருஷமாக நானும் தாத்தாவும்தான் சொல்வோம், அவன் கேட்பான். அந்தக் கேள்வி அவர் காதிலும் விழுந்தது. சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார்.

அன்றைக்கு ராத்திரி மொட்டை மாடியில் நாங்கள் பேசியதுதான் எங்களைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். கொஞ்ச நாளைக்குக் கண்டிப்பு என் பக்கம் இருக்கட்டும், நீங்கள் அவனோடு கூட இருங்கள் என்றேன். பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவது, சின்னவளைக் குளிப்பாட்டுவது, தினமும் நடக்கிற இந்த இரண்டு வேலையும் முழுசாக அவருடையது. அறிவுரை இல்லாமல் சைக்கிளில் போய்வந்த அந்தப் பாதையில்தான் பையன் அவரிடம் மழை வந்த ராத்திரியைப் பற்றிச் சொன்னான். என்னிடம் அவன் சொல்லாத பயமெல்லாம் அவரிடம் சொல்லியிருக்கிறான்.

எனக்கும் அவருக்கும் நடுவிலும் ஒன்று இருந்தது. வந்த வாரமே பேங்க் பாஸ்புக்கைக் கையில் எடுத்து, "இனிமே நான் பார்த்துக்கிறேன், நீ ரெஸ்ட் எடு" என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. "ரெண்டு பேரும் பார்ப்போம், நான் விலகிக்க மாட்டேன்" என்று நேராகச் சொல்லிவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கடன் கணக்கை நான் விளக்க விளக்க உட்கார்ந்து கேட்டார். நம் வீட்டு ஆண்கள் திரும்பி வரும்போது அவர்கள் விட்டுப்போன மனைவி அங்கே இருப்பதில்லை, தங்கை. நாம் வளர்ந்திருப்போம். அது அவர்களுக்குத் தெரியவேண்டும், மறைக்கக் கூடாது.

தேவிபட்டினத்திலிருந்து, ஓய்வுபெற்ற ஹவில்தார்

மண்டபத்து மகள் எழுதியதைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். நான் 1988, 89-இல் இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையில் யாழ்ப்பாணத்தில் இருந்தவன். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் சுமார் 30 கிலோமீட்டர்தான் கடல். என் ஊரில் அடிக்கிற அதே காற்றுதான் அங்கேயும். என் மனைவியின் கடிதம் மட்டும் ராணுவத் தபாலில் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டு வாரக்கணக்கில் வரும். வீட்டில் ரேடியோ செய்தி கேட்பார்கள், "வீரர்கள் பலி" என்று வரும், பெயர் வராது. அமைதிப்படையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. அந்த ரேடியோவை என் மனைவி எப்படிக் கேட்டிருப்பார் என்று இன்றைக்கும் நினைப்பேன்.

எனக்கு இன்னொரு பாரம் இருந்தது. அங்கே நான் கேட்ட அழுகை தமிழில் இருந்தது. திரும்பி வந்தபோது மண்டபம் முகாமில் அகதிகளாக வந்த அதே சனங்கள். சந்தையில் அந்தப் பேச்சைக் கேட்டால் நின்றுவிடுவேன். வீட்டில் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. என் மனைவி கேட்கவும் இல்லை, கேட்காமல் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். வலையோ கயிறோ ஏதாவது பிரிக்கிற வேலையைக் கையில் கொடுப்பார். வேலை நடக்கும்போது ஒன்றிரண்டு வார்த்தை வரும். அப்படி வந்துதான் பல மாதத்தில் முழுக்கதையும் வந்தது.

இப்போது போய்வருகிற தம்பிகளுக்குச் சொல்கிறேன்: பட்டாலியனில் இப்போது மனநல ஆலோசனைக்கு ஆள் உண்டு. தூக்கம் வரவில்லை, சத்தம் தாங்கவில்லை என்றால் போய்ப் பேசுங்கள். எங்கள் காலத்தில் அது இல்லை. ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறவர்கள் மலேரியா மாத்திரையை டாக்டர் சொன்ன வாரம் வரைக்கும் விழுங்குங்கள். ஊருக்கு வந்தாச்சு என்று நிறுத்திவிடாதீர்கள். காய்ச்சல் வந்தால் எங்கே இருந்து வந்தோம் என்பதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.

தங்கச்சிமடத்திலிருந்து, கடற்படை வீரரின் மகள்

நான் பிள்ளையாக இருந்து பார்த்தவள். அப்பா விசாகப்பட்டினத்தில் கப்பலில் இருந்தார். அவர் இல்லாத மாதங்களில் மோட்டார் போடுவது என் பொறுப்பு. போர்வெல் தண்ணீர் உப்பு, காவிரித் தண்ணீர் குழாயில் வருகிற நேரத்தைப் பார்த்துக் குடம் பிடிக்கணும். கேஸ் சிலிண்டர், கரண்ட் பில், தம்பியின் ரேங்க் கார்டு எல்லாம் நான்தான். பன்னிரண்டு வயசில் எனக்கு அது பாரமாகத் தெரியவில்லை, பெருமையாக இருந்தது.

அப்பா வந்தார், எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். "நீ படி, விளையாடு" என்றார். எனக்கு அப்படி ஒரு கோபம். அம்மாவிடம்கூடச் சொல்லத் தெரியவில்லை. வேண்டுமென்றே அவரோடு பேசாமல் இருந்தேன். அம்மாதான் புரிந்துகொண்டு அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். ஒரு நாள் காலையில் அவர் என்னைக் கூப்பிட்டு, "குழாய்ல தண்ணி எத்தனை மணிக்கு வரும்? எனக்கு இந்த ஊர் நேரம் எதுவும் தெரியலையே, கூட வர்றியா?" என்றார். இரண்டு பேருமாகக் குடம் பிடித்தோம். அவர் இருந்த லீவு முழுக்க அப்படித்தான்.

மண்டபம் அக்காவிடம் ஒன்று கேட்கணும். உங்கள் பையனுக்கு அப்படி ஏதாவது இருந்ததா?

மண்டபத்திலிருந்து மறுபடியும்

இருந்தது, தங்கச்சி. நீங்கள் கேட்ட பிறகுதான் எனக்கே அது விளங்குகிறது. தாத்தாவுக்கு ராத்திரி மாத்திரை எடுத்துக் கொடுப்பது அவன் வேலை. அவன் அப்பா வந்ததும் அதை அவரே செய்ய ஆரம்பித்தார். அந்த வாரம் முழுக்க பையன் சிடுசிடுவென்று இருந்தான். மாமாதான் ஒரு நாள், "என் மாத்திரை என் பேரன் கையாலதான் வரணும்" என்று சொல்லி முடித்துவைத்தார். காரணம் தெரிந்து சொன்னாரா என்று தெரியாது, ஆனால் அவரும் பட்டாளத்தில் இருந்து லீவுக்கு வந்துபோனவர்தானே.

இப்போது இவருக்கு பீஸ் ஸ்டேஷன், அதாவது குடும்பத்தோடு இருக்கக்கூடிய பணியிடம், கிடைத்திருக்கிறது, குவார்ட்டர்ஸ் வந்ததும் கிளம்புகிறோம். பையனுக்குத் தமிழை விடக்கூடாது என்று அத்தையின் கண்டிப்பான உத்தரவு, வாரம் ஒரு கடிதம் எழுதி அனுப்பணும்.

முதலில் கேட்ட தங்கைக்கு: உங்கள் வீட்டுக்காரர் கிளம்பும் மாதம் தெரிந்ததும் இங்கே எழுதுங்கள். நாமினேஷன், பேங்க் கணக்கு, பிள்ளைகளின் டிசி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சேர்ந்து பார்த்துவிடலாம். ஊர் மண்டபம் பக்கம் என்றால் நேராக வீட்டுக்கே வாங்க.