தேம்பாவணி வாசிப்பு வட்டம்: எங்கே தொடங்குவது, ஓர் அமர்வுக்கு எத்தனை பாட்டு?

காவிரிக்கரை கேட்டது:

திருச்சியில் வீரமாமுனிவர் நூல்களை மட்டும் படிக்க ஒரு வட்டம் தொடங்குகிறோம். முதல் நூல் தேம்பாவணி, இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையைப் (யோசேப்பு) பாடும் காப்பியம். பன்னிரண்டு பேர். பாதிப் பேர் கத்தோலிக்கர், மூன்று பேர் சி.எஸ்.ஐ. (சீர்திருத்தச் சபை), மற்றவர்கள் இந்துக்கள். தமிழை முறையாகப் படித்தவர்கள் இரண்டே பேர். பங்கு ஆலய நூலக அறை கிடைத்திருக்கிறது, சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம்.

1. முதல் பாட்டிலிருந்து வரிசையாகப் போகலாமா, தேர்ந்தெடுத்துப் படிக்கலாமா?
2. ஓர் அமர்வில் எத்தனை பாட்டு முடியும்?
3. சந்தி பிரித்த பாடமா, பிரிக்காத பாடமா?
4. "இது வேதாகமத்தில் எங்கே இருக்கிறது?" என்று சண்டை வராமல் இருக்க என்ன செய்வது?

---

அசைபிரிப்பான் எழுதியது:

முதலில் கணக்கு. 3 காண்டம், 36 படலம், 3615 பாட்டு. புதியவர்கள் இருக்கும் கூட்டத்தில் ஒரு பாட்டை ஓசையோடு படித்து, பிரித்து, பொருள் சொல்லி முடிக்க ஏறக்குறைய நான்கு நிமிடம் ஆகும். இரண்டு மணி நேரத்தில் முன்கதைக்குப் பத்து நிமிடமும் கடைசிப் பேச்சுக்கு இருபது நிமிடமும் போனால் 90 நிமிடம் மிச்சம், அதாவது 22 முதல் 25 பாட்டு. முதல் மூன்று வாரம் பத்துப் பன்னிரண்டைத் தாண்டாது, அதற்காகக் கலங்க வேண்டாம். முழுவதும் படிப்பதென்றால், அமர்வுக்கு 25 என்றே வைத்தாலும், 145 அமர்வு. வாராவாரம் கூடினாலும் மூன்று வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. பன்னிரண்டு பேர் மூன்று வருடம் தொடர்ந்து வரமாட்டார்கள்.

என் யோசனை: இரண்டு வாரத்துக்கு ஒரு அமர்வு, அமர்வுக்கு ஒரு படலம். படலத்தில் 20, 25 பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, விட்டுப்போன பகுதியை ஒருவர் உரைநடையில் பத்து நிமிடம் சொல்லிவிட வேண்டும். 36 அமர்வு, ஒன்றரை வருடத்துக்குள் முடிந்துவிடும். கதை சொல்பவரும் பாட்டுப் படிப்பவரும் வேறு வேறு ஆளாக இருக்கட்டும். இரண்டையும் ஒருவரே செய்தால் மற்றவர்கள் கேட்பவர்களாகிவிடுவார்கள், வட்டம் சொற்பொழிவாகிவிடும்.

மூன்றாவது கேள்விக்கு: இரண்டு பாடமும் வேண்டும், பக்கத்துப் பக்கத்தில். ஏன் என்பதற்குப் பாயிரத்தின் முதல் பாட்டே போதும்.

சீரிய வுலக மூன்றுஞ் செய்தளித் தழிப்ப வல்லாய்
நேரிய வெதிரொப் பின்றி நீத்தவோர் கடவு டூய
வேரிய கமல பாதம் வினையறப் பணிந்து போற்றி
ஆரிய வளன்றன் காதை யறமுதல் விளங்கச் சொல்வாம்.

புதியவர் தடுக்கி விழும் இடம் "கடவு டூய". அது "கடவுள் தூய". அடுத்தது "வளன்றன்", அதாவது வளன் தன் (வளன் என்பது சூசை). பிரித்துக் காட்டினால் முகம் மலர்ந்துவிடும். ஆனால் பிரித்ததையே ராகமாகப் படிக்கச் சொன்னால் ஓசை உடையும். இது அறுசீர் விருத்தம். அரையடிக்கு மூன்று சீர்: விளம், மா, தேமா. "செய்தளித் / தழிப்ப / வல்லாய்" சரியாக மூன்று. "செய்து / அளித்து / அழிப்ப / வல்லாய்" என்றால் நான்கு ஆகிவிடுகிறது, நாக்கு தானாக நின்றுவிடும். ஆகவே வாயால் படிப்பது பிரிக்காத பாடம், கண்ணால் பொருள் தேடுவது பிரித்த பாடம்.

படிக்கும்போது எங்கே மூச்சு விடுவது என்று கேட்பார்கள். மோனையே காட்டிக்கொடுக்கும்: சீரிய – செய்தளித், நேரிய – நீத்தவோர், வேரிய – வினையற, ஆரிய – அறமுதல். நான்காம் சீரில் மோனை விழும் இடம்தான் நிறுத்தம்.

ஒரு பாட்டுக்கான முறை: ஒருவர் பிரிக்காமல் ஓசையோடு படிக்க, எல்லோரும் ஒருமுறை சேர்ந்து சொல்ல, அடுத்தவர் பிரித்துப் படிக்க, மூன்றாமவர் வினைமுற்று எங்கே என்று தேட வேண்டும். மேலே உள்ள பாட்டில் அது கடைசிச் சொல், "சொல்வாம்". பணிந்து, போற்றி, சொல்வாம் என்று பின்னாலிருந்து பிடித்தால் நான்கடியும் அவிழும். முன்னாலிருந்து சொல்லுக்குச் சொல் பொருள் சொல்லிக்கொண்டே போவதுதான் எல்லா வட்டத்திலும் நடக்கும் தப்பு.

இன்னொன்று. "ஆரிய வளன்" என்றதும் யாராவது இன அரசியலுக்குப் போவார்கள். இங்கே மேன்மையான வளன் என்பது மட்டுமே பொருள், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "வேரி" தேன், மணம்.

---

மருதநிலம் எழுதியது:

மேலே சொன்னதில் பெரும்பாலும் உடன்பாடு. ஆனால் படலத்துக்கு ஒரே அளவாக 25 என்று வெட்டாதீர்கள். நாட்டுப் படலமும் நகரப் படலமும் தொடக்கத்திலேயே வருகின்றன, கதை இன்னும் ஆரம்பிக்கவில்லை. அங்கே 25 பாட்டு எடுத்தால் நான்காவது வாரம் ஆறு பேர்தான் இருப்பார்கள். முழுசாக விட்டுவிடவும் கூடாது. யூத நாட்டைக் கம்பன் கோசலத்தைப் பாடிய மரபிலேயே மழை, ஆறு, வயல் என்று வீரமாமுனிவர் பாடுகிறார். இத்தாலியில் 1680இல் பிறந்து 1710இல் இந்தியா வந்த மனிதர் அதைச் செய்கிறார் என்பதுதான் அந்தப் படலத்தின் சுவையே. எட்டுப் பாட்டு போதும், பக்கத்தில் கம்பன் நாட்டுப் படலத்திலிருந்து மூன்று பாட்டு. இரண்டு படலத்தையும் ஒரே அமர்வில் முடித்துவிட்டு, வளன் சனித்த படலத்தில் நின்று நிதானமாகப் படியுங்கள்.

மிச்சப்படும் நேரத்தை ஐயம் தோற்று படலத்துக்கும் ஐயம் நீங்கு படலத்துக்கும் கொடுங்கள். மரியா கருவுற்றது பற்றி மத்தேயு ஒன்றிரண்டு வசனத்தில் சொன்ன சூசையின் சந்தேகத்தை இவர் இரண்டு படலமாக விரிக்கிறார். சமயம் பாராமல் எல்லோரும் பேசும் இடம் அது. அங்கே கடிகாரம் பார்க்க வேண்டாம்.

---

பெயர்ப்பட்டியல் எழுதியது:

உங்கள் நாலாவது கேள்விக்கு. சண்டைக்கு முன்பே குழப்பம் வரும், காரணம் பெயர்கள். முனிவர் சில பெயர்களைப் பொருள் பார்த்துத் தமிழாக்கிவிடுவார். வளன் என்றால் யோசேப்பு, எபிரேயப் பெயரின் பொருள் "பெருகச் செய்வான்" என்பது. கருணையன் என்றால் திருமுழுக்கு யோவான். பத்தாம் வகுப்புப் பாடநூலில் தாயை இழந்து அழும் கருணையனைப் படித்தவர்களில் பாதிப் பேருக்கு அது யோவான் என்று நினைவிருக்காது. கத்தோலிக்கர் சூசை என்பார், சி.எஸ்.ஐ. நண்பர் யோசேப்பு என்பார், பாட்டில் வளன் வரும். மூன்று பத்தியில் ஒரு பட்டியல் போட்டு முதல் நாளே கையில் கொடுங்கள்: பாட்டில் உள்ள பெயர், கத்தோலிக்க வழக்கு, சீர்திருத்தச் சபை வழக்கு. இந்து நண்பர்களுக்கும் அது இல்லாமல் நகராது.

அடுத்தது மூலம். காப்பியத்தில் வருவதெல்லாம் வேதாகமத்திலிருந்து வந்ததல்ல. ஸ்பெயினில் ஆக்ரெதா என்ற ஊரில் இருந்த மரியா என்ற துறவி (1602–1665) எழுதிய நூலும் இதற்கு ஓர் அடிப்படை. அந்தத் துறவியின் ஊர் பாயிரத்திலேயே பேசப்படுகிறது. ஆகவே முதல் அமர்வுக்கு முன் எல்லோரும் மத்தேயு 1, 2, லூக்கா 1, 2 ஆகிய நான்கு அதிகாரத்தைப் படித்து வரட்டும். ஒவ்வொரு அமர்விலும் தாளின் ஓரத்தில் மூன்றில் ஒரு குறி: நற்செய்தியில் உள்ளது, மரபில் உள்ளது, கவியின் கற்பனை. குறி போட்டுவிட்டால் வாதாட ஒன்றும் இருக்காது.

வேற்றுச் சபையார் இருக்கும் வட்டத்தில் முனிவர் எழுதிய "லுத்தேரினத்தியல்பு", "பேதகம் மறுத்தல்" இரண்டையும் முதல் வருடம் தொடவேண்டாம். அவை தரங்கம்பாடி லுத்தரன் சபையாரோடு அவர் போட்ட சண்டை. சூடு அதிகம், கவிதை இல்லை. சி.எஸ்.ஐ. நண்பர்கள் கேட்டால் அடுத்த சுற்றுக்கு எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தை வைத்துக்கொள்ளலாம், அது 3766 பாட்டு.

கூட்டத்தை செபத்தோடு தொடங்கவேண்டாம் என்பது என் கருத்து. அந்த "சீரிய வுலக மூன்றும்" பாட்டையே கடவுள் வாழ்த்தாகச் சொல்லித் தொடங்குங்கள். யாருக்கும் கூச்சம் இருக்காது, எட்டாவது வாரம் எல்லோருக்கும் மனப்பாடமும் ஆகிவிடும்.

---

காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நாட்டுப் படலத்தை எட்டுப் பாட்டோடு நிறுத்திக்கொள்கிறோம். இன்னும் இரண்டு: பாடத்தை இணையத்திலிருந்து எடுத்து அச்சிடலாமா? அகராதி எதை வைப்பது? எந்த மாதம் தொடங்கினால் நல்லது?

---

அசைபிரிப்பான் எழுதியது:

இரண்டு என்று சொல்லி மூன்று கேட்டுவிட்டீர்கள்.

பாடம் மதுரைத் திட்டத்தில் (தமிழ் நூல்களின் இணையத் தொகுப்பு) இருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அப்படியே அச்சிடாதீர்கள். தட்டச்சுப் பிழையில் ன/ண, ழ/ள மாறியிருக்கலாம், துணைக்காலும் ரகரமும் குழம்பியிருக்கலாம். சரிபார்க்கும் வழி: சீர் எண்ணுங்கள், பிறகு எதுகையைப் பாருங்கள். நான்கடியிலும் இரண்டாம் எழுத்து ஒத்துவராத பாட்டைத் தனியே குறித்து அச்சு நூலோடு ஒப்பிடுங்கள். ஓர் அமர்வின் பாட்டுக்கு அரை மணி நேர வேலை. ஒரு தாளில் ஆறு பாட்டுக்கு மேல் வேண்டாம். இடப்பக்கம் மூலம், வலப்பக்கம் பிரித்தது, நடுவில் எழுத இரண்டு விரல் இடம். எழுத்து 14 புள்ளி. பன்னிரண்டில் போட்டால் மூத்தவர்கள் மூக்குக்கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்துச் சோர்ந்துவிடுவார்கள்.

அகராதிக்கு வெளியே போகவே வேண்டாம், வீரமாமுனிவர் தொகுத்த சதுரகராதியே (1732) இருக்கிறது. பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பகுதி. "வேரி" என்ற சொல்லுக்கு என்னென்ன பொருள் என்று பார்க்கப் பெயரகராதி. "தேனுக்கு வேறென்ன சொல்" என்றால் பொருளகராதி. "மூவுலகம் எவை" என்பது போன்ற தொகைகளுக்குத் தொகையகராதி. தொடையகராதி எதுகைச் சொற்களுக்கு, பாட்டுக் கட்டும் ஆசை யாருக்காவது வந்தால் அவரிடம் கொடுத்துவிடுங்கள். அதில் கிடைக்காத சொல்லுக்கு மட்டும் பேரகராதி. திருக்குறள் ஒரு பிரதி மேசையில் இருக்கட்டும். குறளின் அறத்தையும் பொருளையும் லத்தீனில் பெயர்த்தவர் அவர், குறள் அடிகள் பாட்டுக்குள் அடிக்கடி தலைகாட்டும்.

மாதம்: மகவருள் படலம், அதாவது குழந்தை பிறக்கும் பகுதி, முதற் காண்டத்தில் பத்தாவது. அது டிசம்பர் மூன்றாம் வாரம் வந்தால் கூட்டம் நிரம்பும். பாயிரத்துக்கு ஒரு அமர்வு, பிறகு படலத்துக்கு ஒன்று என்றால் மகவருள் பதினோராவது அமர்வு. நடுவில் இருபது வாரம். ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை தொடங்க வேண்டும். மருதநிலம் சொன்னபடி நாடும் நகரமும் ஒரே அமர்வில் போனால் ஒரு அமர்வு மிஞ்சும், அதை ஐயம் தோற்று படலத்துக்குக் கொடுத்துவிடலாம், தேதி மாறாது.

---

மருதநிலம் எழுதியது:

தீபாவளி வாரத்தையும் கணக்கில் எடுங்கள். அந்த சனிக்கிழமை திருச்சியில் யாரும் வரமாட்டார்கள். ஜூலை கடைசியிலேயே பாயிரத்தை முடித்துவிடுங்கள்.