எந்த மாதத்தில் எந்தச் சரித்திர நாவல்?

சரித்திர நாவல்களை மாதம் பார்த்துப் படிக்கும் பழக்கம் எனக்கு எப்படி வந்தது, அதன் வழியாக யார் யாரைச் சந்தித்தேன் என்று நண்பர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். திருவொற்றியூரில் குடியிருக்கிறேன், பாரிமுனைக்கு அருகே ஒரு கிளியரிங் ஏஜென்சியில் கணக்கு வேலை. காலையும் மாலையும் மின்சார ரயிலில் போகும் நேரமும், இரவில் அடுப்படியை ஒழித்துப்போட்ட பிறகு கிடைக்கும் கொஞ்ச நேரமும்தான் எனக்கு வாசிக்கக் கிடைப்பவை. அந்தச் சிறிய நேரத்துக்குள் ஒரு நாவல் முழுமையாக மனத்தில் இறங்க வேண்டுமென்றால், அதன் வெயிலும் மழையும் வெளியே இருக்கும் வெயிலோடும் மழையோடும் ஒத்துப்போக வேண்டும் என்பது என் அனுபவம்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் காசிமேட்டைச் சேர்ந்த ஒரு விசைப்படகு ஓட்டுநர். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பதும் வலை பின்னுவதும் காலையிலேயே முடிந்துவிடுவதால், கத்திரி வெயில் கொளுத்தும் பிற்பகல்களில் அவர் எங்கள் கிளை நூலகத்தில் வந்து உட்காருவார். முதலில் நாளிதழ்கள், பிறகு சரித்திர நாவல்கள். ஒரு சனிக்கிழமை, சோழர் கடற்படை கடாரத்துக்குப் புறப்படும் கதை ஒன்றை நான் திருப்பிக் கொடுக்க வந்தபோது, அதை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கப்பல் எந்த மாசம்மா கெளம்புச்சு?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. கதையாசிரியரும் அதைச் சொல்லியிருக்கவில்லை. "வாடை எடுத்துட்டா கெழக்கால பாய் ஏத்திப் போவ முடியாதும்மா, காத்து மூஞ்சிலதான் அடிக்கும். எங்க தாத்தா பாயிலதான் தொழில் பண்ணாரு" என்றார்.

அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. ராஜேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பு 1025-ஆம் ஆண்டுவாக்கில் நடந்தது என்று பள்ளியிலேயே படித்திருக்கிறேன். ஆனால், ஆண்டு தெரிந்த எனக்கு மாதத்தைப் பற்றி யோசிக்கத் தோன்றியதே இல்லை. வங்கக் கடலில் தென்மேற்குப் பருவக்காற்றின் துணையோடு கிழக்கே போய், வடகிழக்குப் பருவக்காற்றைப் பிடித்துத் திரும்ப வேண்டும் என்றால், போனவர்கள் மாதக்கணக்கில் அங்கேயே காத்திருந்திருக்கிறார்கள் என்றுதான் பொருள். வெற்றியைச் சொல்லும் மெய்க்கீர்த்தியில், அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் அரசனின் புகழுரையில், இந்தக் காத்திருப்புக்கு இடமில்லை. நல்ல சரித்திர நாவலாசிரியர் அந்த இடத்தில்தான் நுழைய வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அன்றிலிருந்து எந்தச் சரித்திர நாவலைத் திறந்தாலும் கதை எந்த மாதத்தில் நடக்கிறது என்று முதலில் தேடுகிறேன். கிடைத்துவிட்டால் அந்த மாதம் வரும்வரை புத்தகத்தை எடுத்து வைத்துவிடுகிறேன்.

இந்த விஷயத்தில் கல்கி வாசகர்களுக்குக் குறையே வைக்கவில்லை. 'பொன்னியின் செல்வன்' தொடங்குவதே ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று, வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வரும் காட்சியோடுதான். அந்த வீராண ஏரியிலிருந்து 2004 முதல் சென்னைக்குக் குழாய் வழியே குடிநீர் வருகிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். எங்கள் பக்கத்தில் ஆடி பிறந்தால் தெருவுக்குத் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள். ஒலிபெருக்கிச் சத்தத்தில் வீட்டில் பேசுவது கூடக் கேட்காது. ஆனாலும் முதல் பாகத்தை ஒவ்வோர் ஆண்டும் அந்த நாள்களில்தான் எடுக்கிறேன்.

அப்படி ஓர் ஆடி மாதக் காலையில், கொருக்குப்பேட்டையில் சிக்னலுக்காக ரயில் நின்றிருந்தபோது, எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் என் கையிலிருந்த புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தம்முடைய தாயார் இந்தக் கதையை வாராவாரம் பத்திரிகையிலிருந்து பிரித்தெடுத்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருந்ததாகவும், அது இன்றும் வீட்டில் இருப்பதாகவும் சொன்னார். கதை 'கல்கி' இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. அந்தக் காலத்து பைண்டு ஒன்றைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அடுத்த வாரமே ஒரு தொகுதியைத் துணிப்பையில் சுற்றிக் கொண்டுவந்துவிட்டார்.

அதைக் கையில் வாங்கியதும் மடியில் புடவைத் தலைப்பை விரித்து அதன்மேல்தான் வைத்துக்கொண்டேன். முதுகில் ஒட்டியிருந்த காலிகோ துணி சாயம் போய், ஓரங்களில் நூல் நூலாகப் பிரிந்திருந்தது. தாள்கள் டீத்தூள் நிறத்துக்கு மாறி, திருப்பும்போது விளிம்பிலிருந்து துகள் உதிர்ந்தது. இதழில் பின் குத்தியிருந்த இடங்களில் துருவின் கறை அடுத்தடுத்த பக்கங்களுக்கும் இறங்கியிருந்தது. மணியம் வரைந்த படங்கள் வந்த பக்கங்களை மட்டும் அந்த அம்மா கத்தரிக்கோலால் ஓரம் சிதையாமல் வெட்டி எடுத்திருந்தார். சில பக்கங்களின் பின்புறத்தில் பாதியோடு நின்றுபோன துணுக்குகளும் விளம்பரங்களும் இருந்தன. அத்தியாயத்தின் முடிவில், பென்சிலால் சிறிய எழுத்தில், அந்த இதழை அவர் படித்து முடித்த கிழமையைக் குறித்திருந்தார். "அம்மா அஞ்சாவதோட படிப்ப நிறுத்திட்டாங்க. ஆனா சோழ வம்சம் முழுக்க வரிசையா சொல்லுவாங்கம்மா" என்றார் பெரியவர். ஒரு வாரம் முழுவதும் அடுத்த அத்தியாயத்துக்காகக் காத்திருந்து படித்த ஒருவருக்கு, நான் நான்கே நாளில் ஓடிக் கடந்த பக்கங்கள் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கும் என்பது அந்தப் பென்சில் குறிப்புகளைப் பார்த்தபோது புரிந்தது. இப்போது நாளொன்றுக்கு இரண்டு அத்தியாயத்துக்கு மேல் போவதில்லை.

ஐப்பசி மழைக்கு என் தேர்வு பிரபஞ்சனின் 'வானம் வசப்படும்'. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸ் காலத்துப் புதுச்சேரியை, துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைத் துணையாகக் கொண்டு எழுதிய நாவல். 1995-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1709-இல் பிறந்தது நம் பெரம்பூரில்! 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையைப் பிடித்தார்கள். அக்டோபரில் வந்த புயல் அவர்களுடைய கப்பல்களை நாசமாக்கியது. கோட்டையை ஒட்டியிருந்த பழைய கறுப்பர் நகரம் அதற்குப் பிறகு இடிக்கப்பட்டது. உயர்நீதிமன்ற வளாகம் இருக்கும் பகுதிதான் அது. நான் தினமும் நடந்து போகும் தெருக்கள் எல்லாம், வீடிழந்தவர்கள் வடக்கே தள்ளி வந்து எழுப்பிய ஊரின் தொடர்ச்சி என்பதை மழையில் குடையோடு அந்த வழியே நடக்கும்போது நினைத்துக்கொள்வேன்.

எங்கள் அலுவலகத்தில் பெரம்பூரிலிருந்து வரும் மூத்த கணக்கர் ஒருவர் இருக்கிறார். கதை, கவிதை என்றால் அவருக்கு ஒத்துவராது. பிள்ளை அவர் ஊர்க்காரர் என்று சொல்லி, நாட்குறிப்பிலிருந்து சில பக்கங்களைப் படித்துக் காட்டினேன். எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு இறங்கியது, யாருக்கு எவ்வளவு பாக்கி என்று 1736 தொடங்கி எழுதிக்கொண்டே போகும் அந்தக் குறிப்புகளைக் கேட்டுவிட்டு, "இது நம்ம ஆபீஸ் ரிஜிஸ்தர் மாதிரியே இருக்கேம்மா" என்று வியந்தார். இப்போது ஒவ்வொரு தொகுதியாக வாங்கிப் படித்துக்கொண்டிருக்கிறார். பட்டயங்களையும் போர்களையும் சொல்லி ஈர்க்க முடியாத ஒருவரைச் சரக்குக் கணக்கு ஈர்த்துவிட்டது.

கார்த்திகைக்கு நான் வைத்திருப்பது ஒரு கல்வெட்டு. திருவொற்றியூர் ஆதிபுரீசுவரருக்கு ஆண்டு முழுதும் சார்த்தியிருக்கும் கவசத்தைக் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள்கள் மட்டும் களைவார்கள். சன்னதித் தெருவெல்லாம் கூட்டம் நிற்கும். அந்த வரிசையில் எனக்கு முன்னால் நின்றிருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியை, என் கைப்பையில் எட்டிப்பார்த்த நாவலைக் கண்டுவிட்டு, "வீராணம் ஏரி வெட்டிய ராஜாதித்தனைத் தெரியும் இல்லையா, அவனுடைய நண்பர் ஒருவர் இந்த ஊருக்குத்தான் வந்து சேர்ந்தார், தெரியுமா?" என்று கேட்டார். வரிசை நகர நகர அவர் சொன்ன கதையை இன்னும் மறக்க முடியவில்லை.

949-இல் தக்கோலத்தில் ராஷ்டிரகூடர்களோடு நடந்த போரில், யானைமேல் இருந்தபடியே சோழ இளவரசன் ராஜாதித்தன் உயிர்விட்டான். சேர நாட்டிலிருந்து வந்து அவனுக்கு உற்ற துணையாக இருந்த வல்லபன் என்பவர் அன்று களத்தில் அவன் அருகே இல்லை. தலைவனோடு சாகக் கிடைக்கவில்லையே என்ற துயரம் தாங்காமல் உலக வாழ்வைத் துறந்து, கங்கையில் நீராடி, திருவொற்றியூருக்கு வந்து நிரஞ்சன குருவிடம் தீட்சை பெற்று, சதுரானன பண்டிதர் என்ற பெயரோடு மடத்துக்குத் தலைவரானார். இதைச் சொல்லும் கல்வெட்டு, கன்னரதேவன் எனப்படும் ராஷ்டிரகூட அரசன் மூன்றாம் கிருஷ்ணனின் ஆட்சியாண்டைத் தாங்கி நிற்கிறது. யாருடைய படை தம் நண்பனைக் கொன்றதோ அந்த அரசனின் ஆண்டைக் குறித்தே அவர் தம் கொடையைக் கல்லில் வெட்ட வேண்டியிருந்தது; தொண்டை மண்டலம் அப்போது அவன் கையில் இருந்தது. பின்னால் ராஜேந்திரன் காலத்தில் இந்தக் கருவறையை, பின்புறம் யானையின் முதுகுபோல் வளைந்த தூங்கானை மாட வடிவில் கருங்கல்லால் எடுத்தபோதும் சதுரானன பண்டிதர் என்ற பெயரைத் தாங்கிய ஒருவர்தான் மடத்தில் இருந்தார்.

சரித்திர நாவல் என்றால் அரியணையும் வாளும் மட்டும் இல்லை என்று நான் வாதாடும்போதெல்லாம் இந்தத் துறவியைத்தான் சொல்கிறேன். போருக்குப் போக முடியாமல்போன ஒருவர் எஞ்சிய ஆண்டுகளை எப்படிக் கழித்தார், பகைவனின் ஆட்சியில் காலையில் எழுந்து பூசைக்கு எதை எண்ணி நின்றார் என்று எழுதப்படும் நாவல் ஒன்று என் கைக்கு வந்தால், அதைக் கார்த்திகையில் தேரடியில் உட்கார்ந்தே படித்து முடிப்பேன். அந்த ஆசிரியையும் நானும் இப்போது மாதம் ஒருமுறை புத்தகம் மாற்றிக்கொள்கிறோம்.

தை மாதம் நந்தனத்தில் நடக்கும் புத்தகக் காட்சியைப் பற்றி எல்லோரும் எழுதியிருப்பதால் அதை விட்டுவிடுகிறேன். வாங்குவதற்கு முன் அத்தியாயங்களைப் புரட்டி மாதத்தைத் தேடிப் பாருங்கள் என்று மட்டும் சொல்வேன்.

அடுத்த தடைக்காலத்துக்கு அந்தப் படகு ஓட்டுநர் அண்ணாவுக்கு ஒரு புத்தகம் தேடிக்கொண்டிருக்கிறேன். பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்திரியா கோட்டையைக் கட்டிய காலத்தை, ஏரியில் மீன் பிடித்தவர்களின் பக்கமிருந்து சொல்லும் தமிழ் நாவல் ஏதேனும் இருக்கிறதா? காற்றும் மாதமும் சரியாக எழுதப்பட்டதாக இருக்க வேண்டும், அவர் கட்டாயம் கேட்பார். தெரிந்தவர்கள் பெயரும் பதிப்பகமும் குறிப்பிட்டால், பங்குனிக்குள் வாங்கிவிடுவேன்.