அரிக்கமேட்டின் மணிகளும் அத்தையின் தகர டப்பாவும்

புதுச்சேரிக்கு அருகே உள்ள பண்டைய துறைமுக ஊரான அரிக்கமேட்டை நான் முதன்முதலில் பார்த்தது கல்லூரியில் படித்த காலத்தில். கடலூரிலிருந்து புதுச்சேரிப் பேருந்தில் ஏறி, அரியாங்குப்பத்தில் இறங்கி, காக்காயன்தோப்பு வழியாக நடந்து போய்ச் சேர்ந்தபோது, மாமரங்களும் தென்னைகளும் சூழ்ந்த ஆற்றோர மேட்டில் இடிந்து நின்ற செங்கல் சுவர்களைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை. அச்சுவர்களை ரோமானியர் காலத்துப் பண்டகசாலை என்று நம்பி, ஊருக்குத் திரும்பிய பின் பலரிடமும் அப்படியே சொன்னேன். அது பிழை. அவை பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார்கள் நடத்திய குருமடத்தின் எச்சங்கள். ஈராயிரம் ஆண்டு பழமையான பகுதி மண்ணுக்குள் இருக்கிறது. அகழ்ந்து பார்த்த குழிகளை ஆய்வாளர்கள் மீண்டும் மூடிவிட்டார்கள்.

ஆகவே இம்முறை அத்தையை அழைத்துக்கொண்டு கிளம்பியபோது, முதலில் அருங்காட்சியகம், பிறகுதான் மேடு என்று முடிவு செய்திருந்தேன். அத்தை அரியாங்குப்பத்தில் பிறந்து வளர்ந்தவர். எழுபது வயதைக் கடந்தும் அந்த அருங்காட்சியகத்துக்குள் ஒரு முறைகூடச் சென்றதில்லை.

பாரதி பூங்காவுக்கு எதிரே, செயின்ட் லூயி வீதியில் இருக்கிறது புதுச்சேரி அருங்காட்சியகம். சோழர் காலச் செப்புத் திருமேனிகள், பிரெஞ்சு கவர்னர் டூப்ளே பயன்படுத்தியதாகச் சொல்லப்படும் கட்டில், ஆள் தள்ளிச் சென்ற புஷ்புஷ் வண்டி என்று பலவும் அங்கே உண்டு. பெரும்பாலோர் கட்டிலின் முன்னும் வண்டியின் முன்னும்தான் நிற்கிறார்கள். நாங்கள் நின்றது அரிக்கமேட்டுப் பொருள்களின் முன்னால். மத்தியதரைக் கடற்கரைகளிலிருந்து திராட்சை மதுவும் ஒலிவ எண்ணெயும் நிரப்பி வந்த, அடி கூரிய, இரு கைப்பிடி கொண்ட ஆம்போரா சாடிகளின் உடைசல்கள். உட்புறத்தில் பொட்டுப் பொட்டாக வட்டக் கோடுகள் ஓடும் ரௌலட் ஓடுகள். அவற்றை அடுத்துக் கண்ணாடியிலும் கல்லிலும் செய்த மணிகள்.

மணிகளைக் கண்டதும் அத்தை நின்றுவிட்டார். “இதெல்லாம் எங்ககிட்ட ஒரு டப்பா நிறைய இருந்துதுப்பா” என்றார். மழை விட்ட மறுநாள் காலை தோழிகளுடன் மேட்டுக்கு ஓடுவதும், மண் கரைந்து மேலெழுந்த சிவப்பு, பச்சை, நீல மணிகளைப் பொறுக்கி வந்து நூலில் கோத்துப் பொம்மைக்கு மாலை போடுவதும் அவர்களுடைய வழக்கமாம். மிகச் சிறியவற்றுக்கு ஊசி நுழையாது என்பதால் அவை மட்டும் பிஸ்கட் டப்பாவிலேயே கிடந்தன. வீட்டை இடித்துக் கட்டியபோது அந்த டப்பா எங்கே போயிற்று என்பது யாருக்கும் நினைவில்லை.

அத்தை சொன்னதை வெறும் சிறுவயதுக் கதையாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. ழுவோ துப்ராய் என்ற பிரெஞ்சுப் பேராசிரியரின் கவனம் 1930-களில் இம்மேட்டின் மேல் திரும்பியதே ஊர்ப் பிள்ளைகள் கொண்டுவந்து கொடுத்த இத்தகைய மணிகளால்தான் என்று சொல்வார்கள். அங்கே கிடைத்த ஒரு கல்லில் பொறித்திருந்த தலையை ரோமப் பேரரசர் அகஸ்டஸின் உருவம் என்று அவர் கருதினார். 1945-இல் ஆங்கிலேயத் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, இத்தாலியில் வனைந்த அரெட்டைன் என்னும் செந்நிறப் பாண்டங்களின் ஓடுகள் கிடைத்தன. அவ்வகைப் பாண்டம் எந்தக் காலத்தில் புழங்கியது என்பது ஐரோப்பாவில் ஏற்கெனவே துல்லியமாகத் தெரிந்திருந்ததால், அதே மண்ணடுக்கில் கிடந்த நம் ஊர்ப் பானைகளுக்கும் காலம் குறிக்க முடிந்தது; தென்னிந்தியத் தொல்லியல் காலக்கணிப்புக்கு நம்பகமான ஒரு பிடிமானம் அப்படித்தான் கிடைத்தது. ஒரு கைப்பிடி அளவு ஓடு செய்த வேலையை எண்ணும்போது இன்றும் எனக்கு மெய் சிலிர்க்கிறது.

ஆனால், இதை ‘ரோமர் கட்டிய ஊர்’ என்று சிலர் பெருமையாகச் சொல்வதை என்னால் ஏற்க முடிவதில்லை. வீலருக்குப் பின் 1947 முதல் 1950 வரை கசால் என்பவரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் நடத்திய ஆய்வுகள், ரோமச் சரக்கு வருவதற்கு முன்பே இங்கு மக்கள் குடியிருந்ததையும், அந்த வணிகம் தளர்ந்த பின்னும் ஊர் நெடுங்காலம் நீடித்ததையும் காட்டின. தமிழ் பிராமி எழுத்துகள் கீறிய ஓடுகளும் இம்மண்ணில் கிடைத்திருக்கின்றன. மணிகளும் வெளியிலிருந்து வந்தவை அல்ல, இங்கேயே செய்தவை: உருகிய கண்ணாடியை நீண்ட மெல்லிய குழலாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, நறுக்கிய முனைகள் மழுங்க மறுபடி சூடேற்றுவார்கள். ஏறத்தாழ இதே முறை ஆந்திராவின் பாப்பாநாயுடுபேட்டையில் நம் காலம் வரை தொடர்ந்திருக்கிறது. இவ்வகை மணிகள் தென்கிழக்காசியத் துறைமுகங்களிலும் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. யவனர் வந்து வாங்கிப் போன கதையை மட்டும் சொல்லிவிட்டு, உலைக்கு முன் உட்கார்ந்து கண்ணாடி இழுத்தவர்களை விட்டுவிடுவது நியாயமாக எனக்குப் படவில்லை.

மாலை நான்கு மணிக்கு மேல் அரிக்கமேட்டுக்குப் போனோம். வழியில் அத்தை வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னர் வந்து வடம் பிடித்த அந்தத் தேர் வழக்கம், துணைநிலை ஆளுநர் காலத்திலும் ஆடி மாதத்தில் தொடர்கிறது.

குருமடச் சுவர்களைச் சீக்கிரமே கடந்து ஆற்றோரம் இறங்கினோம். தொட்டிகளைப் போன்ற செங்கல் கட்டுமானங்களைக் கண்ட வீலர், அவை மஸ்லின் துணிக்குச் சாயமேற்றியவையாக இருக்கலாம் என்று கருதியது நினைவுக்கு வந்தது. அவை இருந்த இடத்தின் மேல் இப்போது புல் முளைத்திருக்கிறது. அருங்காட்சியகத்தில் கண்ட ஓடுகள் மனத்தில் இருந்ததால், முன்பு வெறுமையாகத் தெரிந்த அதே தரையை இம்முறை மிதிக்கவே கால் கூசியது.

வெயில் சாயும் பக்கம் பார்த்துக் குந்தி, தலையைத் தாழ்த்தித் தரையோடு தரையாகப் பார்த்தால்தான் மணி மினுக்கும் என்று அத்தை சொல்லிக்கொடுத்தார். முட்டிவலியோடு அவரே குந்திக் காட்டினார். முந்தின வாரம் மழை பெய்திருந்தும் மணி எதுவும் தென்படவில்லை. கறுப்பும் சிவப்புமான இரண்டு பானை ஓடுகள் மட்டும் பாதி புதைந்து கிடந்தன. பாதுகாக்கப்பட்ட இடம் என்பதால் எதையும் எடுக்கக் கூடாது என்றேன். “தெரியும்” என்று சொல்லி, ஓர் ஓட்டின் மேல் ஒட்டியிருந்த மண்ணை மட்டும் விரலால் துடைத்துப் பார்த்துவிட்டு, என் தோளைப் பிடித்து எழுந்தார்.