ஜனவரியில் நான்கு நாள் இத்தாலி: மூன்று ஊரா, ஒரே ஊரா?

கொள்ளிடம் எழுதியது:

வணக்கம். மியூனிக்கில் முதுகலை முதலாண்டு படிக்கிறேன். ஒரே மாணவர் விடுதியில் இருக்கும் நாங்கள் நான்கு பேர் கிறிஸ்துமஸ் விடுமுறையில் இத்தாலி போகலாம் என்று இருக்கிறோம். ஜனவரி 2 காலை கிளம்பி 6ஆம் தேதி இரவுக்குள் திரும்பிவிட வேண்டும். 7ஆம் தேதி வகுப்பு தொடங்கிவிடும், பிப்ரவரியில் தேர்வு. ஆளுக்கு 350 யூரோ, ரயில் செலவும் அதற்குள்தான்.

ஒருவனுக்கு ரோமில் கொலோசியம் பார்த்தே ஆக வேண்டும். ஒரு தோழி வெனிஸ் என்கிறாள். இன்னொருத்தி கட்டிடக்கலை மாணவி, அவளுக்கு பிளாரன்ஸ். எனக்கு எந்த ஊரானாலும் சரி. அந்தக் கட்டிடக்கலைத் தோழி ஜூனில் படிப்பை முடித்து ஊருக்குத் திரும்புகிறாள். நான்கு பேரும் சேர்ந்து போகும் முதல் பயணம் இதுதான், இதற்கப்புறம் எப்போது என்று தெரியவில்லை. அதனால் சண்டை சச்சரவு இல்லாமல் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று இருக்கிறது.

மூன்று ஊரையும் நான்கு நாளில் பார்க்க முடியுமா? கட்டிடக்கலைத் தோழி சுத்த சைவம், முட்டையும் தொடமாட்டாள். சாப்பாட்டுக்கு என்ன செய்வது? குளிர் எப்படி இருக்கும்?

தாமிரபரணி எழுதியது:

மூன்று ஊர் வேண்டாம். மியூனிக்கிலிருந்து ரோமுக்குப் பகல் ரயிலில் போய்வரவே இரண்டு நாள் கழிந்துவிடும்.

கொலோசியம் நண்பரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். 18 முதல் 25 வயது வரை 2 யூரோ டிக்கெட் என்று போட்டிருக்கும். அது ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு மட்டும். நம்முடைய மாணவர் அட்டையையும் ஜெர்மன் குடியிருப்பு அட்டையையும் காட்டினால் கிடைக்காது, முழுக் கட்டணம்தான். ஆனால் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அரசு அருங்காட்சியகங்கள் எல்லாருக்கும் இலவசம்.

பாஸ்போர்ட், குடியிருப்பு அட்டை இரண்டையும் அசலாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது ஜெர்மன் எல்லையை ஒட்டிய ரோசன்ஹைம் பக்கம் போலீஸ் ரயிலில் ஏறிப் பார்ப்பது வழக்கம்.

வைகைக்கரை எழுதியது:

தம்பி, போன குளிர்காலத்தில் நாங்கள் ஐந்து பேர் கிட்டத்தட்ட இதே தேதியில் போனோம். வெனிஸ், பிளாரன்ஸ், ரோம் என்று மணிக்கணக்கு வைத்து அட்டவணை போட்டது நான்தான். இரண்டாம் நாளே எல்லாம் குலைந்தது.

பிராந்திய ரயிலுக்குத் தாள் டிக்கெட் வாங்கியிருந்தோம். ஏறுவதற்கு முன் நடைமேடையில் இருக்கும் சின்னப் பெட்டியில் அதைச் செருகித் தேதி குத்த வேண்டும் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஐந்து பேரும் அபராதம் கட்டினோம். கைபேசியில் வாங்கினால் ஏறும் முன் ‘செக்-இன்’ அழுத்த வேண்டும். இருக்கை எண்ணோடு வரும் விரைவு ரயிலுக்கு இந்த வேலை கிடையாது. அன்று மழை வேறு. கூட வந்த தோழிக்குக் காய்ச்சல் நெருப்பாகக் கொதித்தது. வண்டி மாறுவதற்காக போலோன்யா என்ற ஊரில் இறங்கியவர்கள், அவளை அப்படியே அடுத்த வண்டியில் ஏற்ற மனசு வராமல் நிலையத்துக்குப் பக்கத்திலேயே அறை எடுத்தோம். ரோம் டிக்கெட் காசு போனது போனதுதான்.

மாத்திரை கொடுத்து அவளைத் தூங்கவைத்தோம். ஒருத்தி துணைக்கு இருக்க, மற்ற மூன்று பேரும் சாப்பாடு வாங்க வெளியே வந்தோம். கொட்டுகிற மழை, கையில் ஒரே குடை. ஆனால் அந்த ஊரில் நடைபாதையே வளைவுக் கூரைக்கு அடியில்தான் போகிறது. நம் ஊர்ப் பழைய தெருவில் எல்லா வீட்டுத் திண்ணையையும் ஒன்றாகச் சேர்த்து, தூண் நிறுத்தி, அதற்கு மேலே மாடி கட்டினால் எப்படி இருக்கும்? அப்படி. நிலையத்திலிருந்து பெரிய சதுக்கம் வரை ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடந்தோம். தெருவைக் கடக்கும்போது விழுந்த சில சொட்டுகளைத் தவிரத் தலை நனையவில்லை. ஊர் முழுக்க இப்படி 62 கிலோமீட்டர் இருக்கிறது. 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள்.

இது எப்படி வந்தது என்று அப்புறம் படித்தேன். அங்குள்ள பல்கலைக்கழகம் தொடங்கிய ஆண்டாக 1088ஐச் சொல்கிறார்கள். நாடு நாடாக மாணவர்கள் வந்து சேர, தங்க இடம் போதவில்லை. வீட்டுக்காரர்கள் மாடி அறைகளைத் தெருப்பக்கம் நீட்டிக் கட்டினார்கள், நீட்டியதைத் தாங்கக் கீழே தூண் கொடுத்தார்கள். 1288இல், புதிதாக வீடு கட்டுபவர் இந்தத் தூண்நடையையும் கட்டியே ஆக வேண்டும் என்று நகரம் சட்டமே போட்டுவிட்டது. மியூனிக்கில் ஒரு அறைக்காக எட்டு மாதம் அலைந்தவன் நான். முதல் செமஸ்டர் முழுக்க ஒரு நண்பனின் அறையில் பாயைப் போட்டுத் தூங்கினேன். படிக்க வந்தவனுக்கு அறை வேண்டும் என்று ஒரு ஊர் தன் தெருக்களையே இப்படி மாற்றிக்கொண்டது என்பதை அந்தத் தூண்களுக்கு நடுவில் நின்று நினைத்தபோது எனக்கு என்னவோ செய்தது.

உங்கள் கட்டிடக்கலைத் தோழியை ஸ்த்ராதா மஜோரே தெருவில் உள்ள இசோலானி வீட்டுக்குக் கட்டாயம் அழைத்துப் போங்கள். 13ஆம் நூற்றாண்டு வீடு, தூண்கள் ஓக் மரம். மூன்று ஆள் உயரத்துக்கும் மேலே போகின்றன. மரம் கருத்து, நெடுக வெடித்திருக்கிறது. வெடிப்பில் என் விரல் பாதி உள்ளே போனது. தொடாதே என்று சொல்ல அங்கே யாரும் இல்லை, கயிறு கட்டவில்லை, பக்கத்தில் ஒருவர் சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

சதுக்கத்தை ஒட்டி, பொடெஸ்தா மாளிகைக்கு அடியில் ஒரு வளைவு மண்டபம் இருக்கிறது. எதிரெதிர் மூலையில் இருவர் சுவரைப் பார்த்து நின்று மெதுவாகப் பேசினால் கூரை வழியாகக் குரல் போய்ச் சேரும். என் நண்பன் அந்த மூலையில் போய் நின்றான். நடுவே குடையும் பையுமாக ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். ‘பசிக்குதுடா’ என்று அவன் முணுமுணுத்தது என் காதுக்குள் சொன்னது மாதிரி கேட்டது. பக்கத்து மூலையில் நின்ற வயதான இத்தாலியத் தம்பதி அது என்ன மொழி என்று கேட்டார்கள்.

இரண்டு இரவு என்று எடுத்த அறையை மூன்று இரவாக்கினோம். கடைசி நாள் தோழிக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. அவளும் வருவேன் என்று பிடிவாதம் பிடிக்க, ஐந்து பேரும் சான் லூகா கோயிலுக்கு நடந்தே ஏறினோம். சரகோஸா வாசலிலிருந்து மலை உச்சி வரை கூரை விடவே இல்லை. 3.8 கிலோமீட்டர், 666 வளைவுகள். பாதி வழி சமதளம், அப்புறம் ஏற்றம். மேலே இருக்கும் மாதா படத்தை ஆண்டுதோறும் ஊருக்குள் ஊர்வலமாகக் கொண்டு வருவார்கள். அந்த ஊர்வலம் மழையில் நனையக் கூடாது என்பதற்காகக் கட்டிய கூரை இது. அவளுக்காக நின்று நின்று போனதில் இரண்டு மணி நேரம் ஆனது. மேலே போய்த் திரும்பிப் பார்த்தால் கீழே ஊரைக் காணோம், முழுக்க வெண்பனி மூட்டம். எங்களுக்கு மட்டும் வெயில் அடித்தது. அரை மணி நேரம் படியில் உட்கார்ந்திருந்தோம், யாரும் கைபேசியை எடுக்கவில்லை.

ஜனவரியில் ஐந்து மணிக்கு இருட்டிவிடும். தினம் ஊர் மாறினால் அந்தக் கொஞ்சப் பகலும் பெட்டி தூக்குவதிலேயே போகும். மியூனிக்கிலிருந்து பிரென்னர் கணவாய் வழியாக நேரடி ரயிலில் போலோன்யா சுமார் ஏழு மணி நேரம். முன்னதாக வாங்கினால் விலை நன்றாகவே குறையும். அங்கேயே நான்கு இரவும் தங்குங்கள். பிளாரன்ஸ் விரைவு ரயிலில் நாற்பது நிமிடம்தான், ஒரு பகல் போய்வரலாம். போலோன்யாவின் இரட்டைக் கோபுரத்தில் ஏறலாம் என்று மட்டும் எண்ணிப் போகாதீர்கள். சாய்ந்த கோபுரமான கரிசெந்தாவின் நிலைமை மோசம் என்று 2023 அக்டோபரில் சுற்றிலும் அடைத்தார்கள். நாங்கள் போனபோது உயரமான அசினெல்லி கோபுரத்துக்கும் அனுமதி இல்லை.

மாடத்திண்ணை எழுதியது:

போலோன்யாவில் ஆராய்ச்சி செய்கிறேன், இது மூன்றாவது குளிர்காலம். ஊரைப் பற்றி வைகைக்கரை சொன்னது அத்தனையும் சரி. ஆனால் முட்டை சாப்பிடாத தோழியோடு வருவதால் நான் கொஞ்சம் பயமுறுத்த வேண்டியிருக்கிறது.

இந்த ஊரின் பெருமையே முட்டை சேர்த்துப் பிசைந்த பாஸ்தா. கடைக் கண்ணாடிக்குப் பின்னால் பாட்டிகள் நீளக் கட்டையால் மாவைத் தேய்ப்பதைப் பார்ப்பீர்கள். அந்த மாவின் மஞ்சள் நிறம் முட்டைக்கருவிலிருந்து வருவது. தாலியதெல்லே, தோர்தெல்லினி, லசானியா எல்லாமே அப்படித்தான். ‘பிரோதோ’ என்றால் இறைச்சி வேகவைத்த சாறு. பியாதினா ரொட்டியில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது வழக்கம், ஆலிவ் எண்ணெயில் செய்ததா என்று கேளுங்கள். பார்மிஜானோ சீஸைக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருளால்தான் உறையவைக்கிறார்கள். அதுவும் கூடாது என்றால் முன்பே சொல்லிவிட வேண்டும்.

அவளுக்குச் சாப்பாடு இல்லை என்று அர்த்தம் இல்லை. ‘பாஸ்தா செக்கா’ என்னும் உலர்ந்த கோதுமை பாஸ்தாவில் பொதுவாக முட்டை கிடையாது. தக்காளி, பூண்டு, மிளகாய் போட்டு ‘அர்ராபியாத்தா’ என்று கேட்டால் நம் நாக்குக்கு ஒத்து வரும். மரினாரா பீட்சாவில் சீஸே இல்லை. ‘சென்சா உவோவோ’ என்றால் முட்டை இல்லாமல், ‘சென்சா கார்னே’ என்றால் இறைச்சி இல்லாமல். ஒரு சீட்டில் எழுதிக் காட்டுங்கள், இங்கே யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். சமையலறை உள்ள இடமாகப் பார்த்து எடுத்தால் இன்னும் நல்லது, இரவுக்கு ரசம் வைத்துக்கொள்ளலாம்.

வெளிக்குளிரைவிட அறைக்குள் இருக்கும் குளிர்தான் முதலில் வருபவர்களை வாட்டும். ஜெர்மனி மாதிரி நினைக்காதீர்கள். இத்தாலியில் வெப்பமூட்டியை எத்தனை மணி நேரம் ஓட்டலாம் என்பதற்குச் சட்டம் உண்டு. போலோன்யா இருக்கும் மண்டலத்தில் அக்டோபர் 15 முதல் ஏப்ரல் 15 வரை, பொதுவாக நாளுக்கு 14 மணி நேரம். பல வீடுகளில் நடுராத்திரி நிறுத்திவிடுவார்கள். கூடுதல் போர்வை உண்டா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். தங்கும் வரி தனி, ஆள் கணக்கில் ஒவ்வொரு இரவுக்கும் வாங்குவார்கள்.

அப்புறம், ‘பார்’ என்று பலகை தொங்கினால் மதுக்கடை என்று ஒதுங்க வேண்டாம், அது காபிக்கடை. நின்றபடி குடித்தால் மலிவு. ஜனவரி 6 இங்கேயும் விடுமுறை, பல கடைகள் அடைத்திருக்கும். வழிக்குச் சாப்பாட்டை முந்தின நாளே வாங்கிவிடுங்கள்.

உப்பனாறு எழுதியது:

வெனிஸ் கேட்ட தோழிக்காக நானும் ஒரு வார்த்தை. கோடையில் அங்கே நடக்கவே இடம் இருக்காது. புத்தாண்டுக் கூட்டம் வடிந்த பிறகு, திருவிழா தொடங்கும் முன், சந்துகளில் உங்கள் காலடிச் சத்தம் உங்களுக்கே கேட்கும். வெள்ளம் வருமோ என்ற பயமும் முன்பு போல் இல்லை. 2020 அக்டோபரிலிருந்து அலை உயரும்போது கடல்வாயில் தடுப்புகளை எழுப்பிவிடுகிறார்கள். போலோன்யாவிலிருந்து விரைவு ரயிலில் ஒன்றரை மணி நேரம், காலையில் போய் இரவு திரும்பலாம்.

கொள்ளிடம் எழுதியது:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு நான்கு பேரும் சமையலறையில் உட்கார்ந்து இதை முழுக்க வாசித்தோம். போலோன்யாவில் நான்கு இரவு, பிளாரன்ஸுக்கு ஒரு பகல் என்று முடிவானது. வெனிஸ் தோழி, சான் லூகா ஏற வேண்டும் என்பதற்காகத் தானாகவே விட்டுக்கொடுத்தாள். கொலோசியம்காரன் ஒரு நிமிடம் பேசாமல் இருந்தான். பிறகு, கட்டிடக்கலைத் தோழி ஊருக்குப் போவதற்குள் ரோம் எங்கே ஓடப்போகிறது, முதலில் இது என்றான். சமையலறை உள்ள அறை பார்த்துவிட்டோம், போர்வை கேட்டு எழுதியிருக்கிறேன்.

வைகைக்கரை அண்ணா, அந்த மண்டபத்தில் எந்த மூலையில் நிற்க வேண்டும்?

வைகைக்கரை எழுதியது:

எந்த மூலையானாலும் சரி, குறுக்காக எதிர்மூலையாக இருக்க வேண்டும். மேலே நான்கு மூலையிலும் புனிதர்கள் சிலை இருக்கும், அதை அடையாளம் வைத்துக்கொள். முகத்தைச் சுவரோடு ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டு பேச வேண்டும், கத்தக் கூடாது. காலை எட்டு மணிக்கு முன் போய்விடுங்கள், அப்போது ஆள் நடமாட்டம் குறைவு. ஊருக்குத் திரும்பப்போகும் அந்தத் தோழியை முதலில் பேசச் சொல்.