வீட்டில் விஸ்கி ருசி பார்க்கும் மாலை: எதை முதலில் ஊற்றுவது?

மாடிவீட்டான், வெள்ளவத்தை:
வாற சனிக்கிழமை எங்கள் வீட்டில் ஆறு பேர் கூடுகிறோம். வெறிக்கக் குடிப்பதற்கு இல்லை, நாலு போத்தலை ஆறுதலாக ருசித்துக் கதைக்கத்தான். இருப்பவை: கிளென்ஃபிடிக் 12, ஜிம் பீம், ஜானி வோக்கர் பிளாக் லேபிள், லண்டன் அத்தான் கொண்டுவந்த லாஃப்ரோய்க் 10. எந்த வரிசை? ஆளுக்கு எவ்வளவு? மனைவி டெவில்ட் கணவாய் செய்யலாம் என்கிறாள். ஒரு மச்சான் கோக் இல்லாமல் தொடவே மாட்டான், அவனை என்ன செய்வது?

பழைய பீப்பா:
தம்பி, லாஃப்ரோய்க்கைக் கடைசிக்கு வையும். அதற்கான பார்லி முளையைப் பீட் என்ற கரிமண்ணின் புகையில் காயவைப்பார்கள். ஆஸ்பத்திரி வாசம் மாதிரி அடிக்கும். முதலில் குடித்தால் அதற்குப் பிறகு வருவதெல்லாம் வெறும் தண்ணிதான். கிளென்ஃபிடிக்கில் தொடங்கி ஜிம் பீமுக்குப் போங்கோ. அது போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி வகை, உள்பக்கம் கருக்கிய புது ஓக் பீப்பாவில் கிடப்பதால் வனிலா இனிப்புத் தூக்கலாக இருக்கும். பிளாக் லேபிளில் லேசாகப் புகை உண்டு, அதனால் அது மூன்றாவது.

ஆளுக்கு 20 மில்லிலீட்டர் போதும். நாலும் சேர்த்து 80. பிள்ளைகளின் சிரப் போத்தலோடு வரும் அளவு மூடியால் அளக்கலாம், நான் அப்படித்தான். வாய் ஒடுங்கிய கிளாஸ் இல்லையென்றால் வைன் கிளாஸ் நல்லது, அகன்ற டம்ளர் வேண்டாம். கொழும்பு வெக்கையில் அற்ககோல் நெடிதான் முதலில் மூக்கில் ஏறும், ஏசி அறையில் இருங்கோ. ஐஸ் போட்டால் வாசம் அடங்கிவிடும். பதிலாகச் சில துளி தண்ணீர். 2017இல் சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணினியில் கணித்துப் பார்த்தார்கள்: தண்ணீர் சேர்ந்தால், புகைச் சுவை தரும் குவாயக்கோல் மேற்பரப்புக்கு வருகிறதாம். முதல் மிடறு சும்மா, இரண்டாவது தண்ணீரோடு.

கணவாய் கடைசியில் வரட்டும், உறைப்புப் பட்ட நாக்கு வேலைக்கு ஆகாது. அதுவரை உப்பில்லாத கஜு, கிரீம் கிரக்கர் போதும். மச்சானுக்கு ஜிம் பீமில் கோக் கலந்து கொடும், ஆனால் கடைசிச் சுற்றில். லாஃப்ரோய்க்கில் கலந்தால் அவரை வீட்டுக்கு அனுப்பும்.

கள்ளுக்கொட்டில்:
இவ்வளவும் செய்கிறீர்கள், நம்ம தென்னஞ்சாராயம் எங்கே? நல்ல பழைய போத்தல் ஒன்றை வாங்கி, கிளென்ஃபிடிக்குக்கும் ஜிம் பீமுக்கும் நடுவில் பெயர் சொல்லாமல் ஊற்றிப் பாருங்கள். ஓக் இல்லை, ஹல்மில்லை மரப் பீப்பா. தென்னம்பாளைக் கள்ளில் வடித்தது. ஸ்கொட்ச் பெருமை பேசுகிறவர்கள் எத்தனை மார்க் போடுகிறார்கள் பார்ப்போம்!

நடைபாதை:
சாராயம் வாங்கப் போகிறவர் கலண்டரைப் பாருங்கோ. போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை என்றால் கடை பூட்டு, முதல் நாளே வாங்க வேணும். காரில் வருகிறவர்களின் திறப்பை வாசலிலேயே வாங்கி வையுங்கோ, போகும்போது பிக்மீயில் ஓட்டோ எடுத்துக் கொடுங்கோ.

மாடிவீட்டான், வெள்ளவத்தை:
நன்றி அண்ணை, எல்லோருக்கும் நன்றி. போயா இல்லை, பார்த்துவிட்டேன். சாராயத்தை நானே மறைத்து ஊற்றுகிறேன், மனைவிக்குக்கூடச் சொல்லப்போவதில்லை. ஒரு கேள்வி மிச்சம்: லாஃப்ரோய்க்கை அன்றைக்குத் திறந்தால், மிச்சம் எவ்வளவு காலம் நிற்கும்?

பழைய பீப்பா:
பாதிக்கு மேல் இருந்தால் மாதக்கணக்கில் நிற்கும். இறுக்கி மூடி, நிமிர்த்தி, வெயில் படாத அலுமாரியில் வையும். படுக்க வைத்தால் தக்கை கெட்டுவிடும்.