மகளின் பாத் மிட்ஸ்வா அழைப்பிதழ்: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். என் கணவர் யூதர். வரும் மே மாதம் ஒரு சனிக்கிழமை காலை, 13 வயது நிறையும் எங்கள் மகள் சீர்திருத்தப் பிரிவு யூத ஆலயத்தில் சபையோர் முன் தோரா என்னும் யூத மறைநூலை வாசித்துப் பாத் மிட்ஸ்வா ஆகிறாள்; அதாவது, யூத சமயக் கடமைகளைத் தானே ஏற்கும் வயதை அடைகிறாள்.

விழாவுக்கு 6 முதல் 8 வாரங்களுக்கு முன்பே அழைப்பிதழ் கையில் கிடைத்துவிட வேண்டும் என்பது இங்குள்ள வழக்கம். காலை வழிபாட்டுக்கும் அதையடுத்துத் திராட்சை ரச ஆசியோடு தொடங்கும் கித்துஷ் விருந்துக்கும் உறவினர் அனைவரையும், இரவுக் கொண்டாட்டத்துக்கு அவளுடைய பள்ளித் தோழிகளையும் அழைக்கிறோம் என்பதால், ஒரே அட்டையில் எல்லாவற்றையும் அச்சிடுவதா, கொண்டாட்டத்துக்கு மட்டும் தனிச்சீட்டு வைப்பதா என்று முடிவு செய்ய இயலவில்லை. அச்சகத்தார் அனுப்பிய மாதிரியில் வலமிருந்து இடமாக எழுத வேண்டிய மகளின் எபிரேயப் பெயர், எழுத்துகள் இடவலம் மாறித் தலைகீழ் வரிசையில் இருந்தது. எபிரேயத்தைச் சரியாக அச்சிட்டுத் தருபவர் யாரையேனும் அறிவீர்களா? இறைவனின் பெயர் பொறித்த தாளைக் குப்பையில் போடலாகாது, ஆலயத்தில் சேர்த்துப் புதைக்க வேண்டும் என்பதால், அழைப்பிதழில் அச்சிட அப்பெயர் இடம்பெறாத மறைநூல் வசனமாகவே தேர்ந்தெடுக்க விரும்புகிறோம்.

மதுரையிலுள்ள அத்தைமாரும் சித்தப்பாமாரும் இதைப் பூப்புனித நீராட்டு விழா என்று எண்ணிச் சீர்வரிசையோடு புறப்பட்டுவிடுவார்கள் (அவர்கள் அப்படித்தான்!). ஆகவே அவர்களுக்கான தமிழ் அழைப்பிதழில் விழாவை இரண்டே வரிகளில் எப்படி விளக்கலாம் என்பதையும், இத்தகைய அழைப்பிதழை முன்பே தயாரித்தவர்கள் இருந்தால் அதன் வாசகத்தையும் பகிர்ந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.